மரவேலையும் நம் இளைஞரும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



"மரபு மரவேலையும் இன்றைய பொருள் வடிவமைப்பும்" என்னும் தலைப்பில் பேசுமாறு கழகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். இத்தலைப்பைக் கேட்டவுடன் அவையிலுள்ள இளைஞர் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்திருக்கக் கூடும். "படித்து வேலைக்குப் போ என்று இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்த கழகம், இன்று உளியையும் கொட்டாப்புளியையும் எடு என்கிறதே, இது முறையா?" என்று அவர்கள் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானது. நம் மக்களின் வரலாற்றை அறிந்தவர் எவரும் அதைக் கேட்காமல் இருக்க இயலாது. ஆதலின் அதற்கு விடை கூறிய பின்னரே மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

1953-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் பயிலுவர். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்வர் என்பது அத்திட்டம். மக்கள் அதனைக் "குலக்கல்வி" என்றே அழைத்தனர். தச்சர் மகன் தச்சனாகவும், பறையடிப்பவர் மகன் பறையடிப்பவனாகவும், பண்ணையாள் மகன் பண்ணையாளாகவும் இருக்க அது வழிசெய்யும் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நிலைத்திருந்தால், இன்று இம்மேடையில் பேசுவோரும் இம்மலரைப் படிப்போரும் எங்கு இருந்திருப்போம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே அண்ணல் அம்பேத்கர் இதன் வேரைக் காட்டிவிட்டார். மாநாட்டில் ஆற்ற இயலாமற்போன தம் உரையை 1936-இல் அவர் நூலாக வெளியிட்டார். சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்துப் படிநிலையில் நிறுத்துகிறது என்று அதில் விளக்கினார். ஒருவன் தன் விருப்பத்தாலோ திறமையாலோ தொழிலைத் தேர்ந்துகொள்ள அம்முறையில் இடமில்லை. பிறப்பே தொழிலை முடிவு செய்துவிடுகிறது.

எனவே குலத்தொழிலும் கைத்தொழிலும் ஒன்றென்று எவரேனும் கூறின், அதனை நாம் ஏற்பதற்கில்லை. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இத்தொழிலைத் தேர்ந்தவர் யார்? இரண்டாவது, இதற்கு விலை வைப்பவர் யார்? மூன்றாவது, இதைவிட்டு வெளியேற வாசல் திறந்திருக்கிறதா? தேர்ந்தவர் பிறர், விலை வைப்பவர் பிறர், வாசலும் அடைப்பு என்றால் அது குலத்தொழில். தேர்ந்தவர் நாமே, விலை கூறுபவரும் நாமே, வேண்டாமெனில் நாளையே வேறு பணிக்குச் செல்லலாம் என்றால், அது கைத்தொழில். இவ்வுரை முழுவதும் இம்மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

இனி மரத்துக்கு வருவோம். மரவேலை நமக்குத் தொடர்பில்லாதது என்று சிலர் எண்ணுகின்றனர். பறையை எடுத்துப் பாருங்கள். தோலைப் பற்றியே எல்லோரும் பேசுவர். தோலைத் தாங்கும் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். வேம்பு போன்ற மரத்தில் மூன்று வளைதுண்டுகளைச் செதுக்கி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, பொருத்துவாய்களில் உலோகத் தகடு அறைந்து வட்டமாக்குகின்றனர். காய்ந்த தோலின் இழுவிசையையும், அடியின் அதிர்வையும், நெருப்பில் காய்ச்சும் வெப்பத்தையும் அவ்வட்டம் தாங்குகிறது. ஒரே பலகையில் வட்டமாக அறுத்தால், இழை குறுக்கே வெட்டுப்படும் இடத்தில் பிளந்துவிடும். மூன்று துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றிலும் இழை ஓரளவு வளைவின் வழியே செல்லும், வலுவும் நிற்கும், சிறு மரமும் போதும். இது செவ்விய வடிவமைப்பு. ஆனால் இதைச் செய்தவரைக் கலைஞர் என்று ஊர் அழைத்ததில்லை. பொருளில் குறையில்லை, செய்தவரின் பிறப்பைக் கொண்டு ஊர் பொருளையும் அளந்தது.

ஒரு பொருளின் வடிவத்துக்குப் பின்னால் அறிவு இருக்கிறது என்பதை உலகம் இப்போது ஒப்புக்கொள்கிறது. 1958-இல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். நாட்டில் கண்ட பொருள்களுள் அவர்கள் வியந்து போற்றியது அரண்மனைச் சிம்மாசனத்தை அன்று. வீட்டுக்கு வீடு தண்ணீர் மொள்ளும் செம்பை. அது எவ்வளவு கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி அமர வேண்டும், எவ்வாறு ஊற்ற வேண்டும், எவ்வாறு கழுவ வேண்டும் என்றெல்லாம் பல தலைமுறையினர் எண்ணி எண்ணித் திருத்திய வடிவம் அது என்று எழுதினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. செம்பைச் செய்தவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அச்செம்பைப் பற்றிப் பாடம் படித்தவருக்குப் பட்டமும் பதவியும் கிடைக்கின்றன. இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நம் பிள்ளைகள் என்பதே நாம் இன்று சொல்ல விரும்பும் கருத்து.

அண்டை மாநிலத்தில் ஒரு சான்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. மரப்பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கைவினைஞர் பெரிதும் கையாண்டது நாம் வெட்பாலை என்று அழைக்கும் மரம். அதன் இலையை நம் மருத்துவர் தோல் நோய்த் தைலத்துக்குப் பயன்படுத்துவர். வெண்மையான, நுண்ணிழை கொண்ட, மென்மையான மரம். அதனைச் சில மாதங்கள் உலர்த்தித் துண்டாக்கிக் கடைசலில் பூட்டிச் சுழற்றுகின்றனர். உளியால் வடிவம் எடுத்த பின், சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகின்றனர். உராய்வால் பிறக்கும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவிப் பிடித்துக்கொள்கிறது. இறுதியில் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். அரக்கு, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தருவது. மரம், பூச்சி தந்த அரக்கு, ஓலை ஆகியவையே அங்கு மூலப்பொருள்கள்.

நெகிழிப் பொம்மையும், வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கிய பொம்மையும் கடைகளை நிரப்பியபோது அவ்வூர்த் தொழில் நலிந்தது. பட்டறைகள் பல மூடின. பின்னர் இரண்டு காரணங்களால் அது மீண்டும் எழத் தொடங்கியது. முதலாவது, நச்சுச் சாயத்தைப் பற்றிப் பெற்றோருக்கு உண்டான அச்சம். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஈயம் கலந்த வண்ணம் பூசியவை என்று இலட்சக்கணக்கான பொம்மைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு எது தீங்கற்றது என்று உலகமே தேடியபோது, இயற்கைச் சாயம் தோய்ந்த அரக்குக்கு மதிப்பு ஏறியது. இரண்டாவது, புதிய வடிவங்கள். பழைய கடைசல் முறையிலேயே, எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் விளையாட்டுப் பொருள்கள், வளையல்கள், விளக்குத் தாங்கிகள், திரைச்சீலை மணிகள் ஆகியவை வரலாயின. 2005-06-இல் அவ்வூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்குறியீட்டைப் பதிவு செய்யும் அலுவலகம் நம் சென்னையில் இருப்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே மாறியது எது? மரமும் அரக்கும் கையின் திறனும் முன்னிருந்தவையே. மாறியது வரைபடம். எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, எந்த அளவில் செய்வது என்னும் எண்ணம் மாறியது. ஆனால் நம் முதற்கேள்விகளை இங்கும் கேட்டாக வேண்டும். நம் நாட்டுக் கைத்தொழில் மையங்கள் பலவற்றில் வரைபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். வரைபவர் நகரத்தில் இருக்கிறார். விலையை அவரும் வணிகரும் வைக்கின்றனர். செய்பவருக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கிறது. மூளைக்கு ஒரு சாதி, கைக்கு ஒரு சாதி என்று பிரித்த பழைய பிரிவினை, சந்தையில் புதுச்சட்டை அணிந்து நிற்கிறது எனலாம். ஆகவே உளி பிடிக்கும் கையே எழுதுகோலையும் பிடிக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த இடம் ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்காகக் கடல் கடந்து சாவகத் தீவுக்குச் செல்ல வேண்டும்.

இந்தோனேசிய நாட்டின் நடுச் சாவகத்தில், தெமங்குங் வட்டாரத்தில், கண்டாங்கான் என்பது ஒரு சிற்றூர். எரிமலைச் சரிவுகளில் புகையிலை விளையும் பகுதி அது. அங்குப் பிறந்தவர் சிங்கி சுசிலோ கார்த்தோனோ. பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் பொருள் வடிவமைப்புப் பயின்றார். படிக்கும்போதே மரப்பெட்டியில் அமைந்த வானொலி ஒன்றை வடிவமைத்தார். பட்டம் பெற்றவர் பலரும் பெருநகரில் தங்கிவிடுவர். இவரோ பிறந்த ஊருக்கே திரும்பினார். "மாக்னோ" என்னும் பெயரில் அவ்வூரில் பட்டறை அமைத்து, உள்ளூர் மரங்களால் சிறு வானொலிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். 2008-இல் ஜப்பான் நாட்டின் நல்வடிவமைப்பு விருது அவ்வானொலிக்குக் கிடைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விலைபோயிற்று.

நமக்கு இதில் முதன்மையானது விருது அன்று; அவர் ஆள்களைச் சேர்த்த முறையே. அவருடைய பட்டறைக்கு வந்தவர் பெரும்பாலும் அவ்வூர் இளைஞர். பரம்பரைத் தச்சர் அல்லர். கார்த்தோனோ வானொலி செய்யும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படிக்கும் அளவு, அச்சு, கருவி, சரிபார்க்கும் முறை ஆகியவற்றை வகுத்தார். இவற்றைக் கற்றவர் எவரும் நுண்ணிய வேலையைச் செய்யலாம் என்று காட்டினார். அதற்குப் புதிய கைவினை என்று பெயரிட்டார். கைத்திறன் இரத்தத்தில் ஊறுவது என்று நம் நாட்டில் இன்னமும் மேடைகளில் பேசுகின்றனர். கண்டாங்கான் ஊரின் பட்டறை அதற்கு மறுமொழி. கைத்திறன் பயிற்சியில் வருவது. ஒழுங்காகக் கற்பித்தால் எவருக்கும் வருவது. இதனை ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம்.

இரண்டாவது பாடம், மரத்தைச் செலவிடும் கணக்கு. வானொலிப் பெட்டி சிறியது. அதற்கு வேண்டும் மரம் கொஞ்சம், கைவேலை மிகுதி. ஒரு கட்டிலுக்கு ஆகும் மரத்தில் பல வானொலிகள் செய்யலாம். பலருக்கு வேலை கிடைக்கும். குறைந்த மரம், நிறைந்த வேலை என்பதே அதன் நெறி. எடுத்த மரத்துக்கு ஈடாக ஊராருக்கு மரக்கன்றுகளையும் அப்பட்டறை வழங்கி வருகிறது. பெட்டியின் மேல் பளபளப்பு வண்ணம் பூசுவதில்லை. எண்ணெய் தடவுவதே வழக்கம். வாங்கியவர் அவ்வப்போது துடைத்து எண்ணெய் இட வேண்டும். கவனித்துப் பேணும் பொருளை மனிதன் எளிதில் குப்பையில் எறிய மாட்டான் என்பது அதன் உட்கருத்து.

நிலைத்து நீடிக்கும் வடிவமைப்பு என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. அதன் பொருளைக் கிராமத்துக் கணக்கில் சொல்லலாம். ஒரு மரம் வளர முப்பது ஆண்டு ஆயிற்றென்றால், அதில் செய்த பொருள் முப்பது ஆண்டேனும் உழைக்க வேண்டும். அதற்குள் அதனிடத்தில் இன்னொரு மரம் வளர்ந்துவிடும், கணக்கு நேராகும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. மரம் காற்றிலிருந்து ஈர்த்துச் சேர்த்த கரி அது. பொருள் வீட்டில் இருக்கும்வரை அக்கரி காற்றில் கலவாது. எரித்தால் அன்றே கலந்துவிடும். எனவே உடைந்தால் கழற்றிச் செப்பனிடக் கூடியதாக, ஒரு கால் ஒடிந்தால் அக்காலை மட்டும் மாற்றக் கூடியதாகப் பொருளை அமைப்பதே அறிவுடைமை.

இக்கணக்கை நம் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலம் பரந்து கிடக்கிறது. அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. புகை அவர்கள் நெஞ்சில் தங்குகிறது. பெரும் ஊதியம் வேறிடம் செல்கிறது. இம்மரத்தை அகற்ற வேண்டும் என்பதே அரசின் கொள்கை; அயல் படையெடுப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. அகற்றும் மரத்தை எரிப்பது ஒன்றுதானா வழி? இதன் நெருங்கிய இனமான மரத்தை அமெரிக்காவின் டெக்சாசில் மேசை, நாற்காலி, தரைப்பலகை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துகின்றனர். மிக உறுதியானது, செந்நிறம் படர்ந்தது, உலரும்போது பிற மரங்களைப்போல் அதிகம் சுருங்குவதோ கோணுவதோ இல்லை. குறையும் உண்டு. நேராக வளராது; நீண்ட பலகை கிடைப்பது அரிது; முள்ளும் துளையும் மிகுதி. ஆகவே சிறு துண்டுகளால் ஆகும் பொருள்களே இதற்கு ஏற்றவை. கத்திப்பிடி, அகப்பை, பல்லாங்குழி, எழுதுகோல் தாங்கி, ஒட்டிச் சேர்த்த தரைக்கட்டை ஆகியவை இதில் அமையும். சிறு துண்டுகளை இணைத்து உறுதியான உருவம் ஆக்கும் அறிவு, சற்று முன்பு கூறிய பறைச்சட்டத்தில் இருக்கிறதன்றோ? மரபைப் புதிதாக விளக்குதல் என்பது இதுவே. பழைய பொருளை அப்படியே திரும்பச் செய்வதில் பெரும்பயனில்லை. பழைய பொருளுக்குள் இருக்கும் அறிவை எடுத்து இன்றைய தேவைக்குப் பொருத்த வேண்டும். கரியாக நிறுத்து விற்கும் மரத்துக்கும், அகப்பையாக எண்ணி விற்கும் மரத்துக்கும் உள்ள விலை வேறுபாடு, அறிவின் விலை. அது மரத்தைத் தொட்ட கைக்கே வந்து சேர வேண்டும்.

இதற்குக் கல்வி வேண்டாமா என்றால், கல்விதான் முதலில் வேண்டும். அளவை, வடிவியல், மரத்தின் ஈரப்பதம், விலைக் கணக்கு, கடிதம் எழுதும் மொழித்திறன் ஆகியவை இன்றிப் பட்டறை நடவாது. எனவே இளைஞர்கள் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குச் செல்ல வேண்டும் என்று நாம் ஒருபோதும் கூறோம். 2023-இல் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை இருப்பதைச் சுட்டிக்காட்டி, 2024-இல் தமிழக அரசு அதனை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. 2025-இல் பிறப்பைக் கேளாத கலைஞர் கைவினைத் திட்டம் இங்குத் தொடங்கப்பட்டது. அதில் 35 வயது நிறைந்தவர்க்கே கடனுதவி. இளமை கல்விக்கு உரியது என்னும் கருத்து அதில் அடங்கியிருப்பதைக் காண்க.

கற்பதற்கு இடங்களும் உண்டு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு இருக்கிறது. மாமல்லபுரத்தில் உள்ள அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில், ஒரு காலத்தில் ஒரு குலத்தார்க்கே உரியது எனப்பட்ட கலை இன்று பட்டப்படிப்பாக இருக்கிறது. அகமதாபாத் நிறுவனத்தில் பட்டியல் வகுப்பினர்க்கு 15 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் தொடங்கிய வடிவமைப்புப் பள்ளி உள்ளது. மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வாயில்களை அறிந்த நம் பெற்றோர்க்கு, இம்மூன்றாம் வாயில் இருப்பதே தெரியாது. நம் பள்ளிகளில் அழகாக ஓவியம் வரையும் பிள்ளைகள் இருக்கின்றனர். "படம் வரைந்தால் மதிப்பெண் வருமா?" என்று வீட்டில் கேட்கின்றனர். வடிவமைப்பு நுழைவுத் தேர்வில் வரும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கழகத்தார் முன் மூன்று விண்ணப்பங்களை வைத்து முடிக்கிறோம். ஒன்று, கழகக் கட்டடத்தில் வாரம் ஒரு நாள் வரைபட வகுப்பு நடத்துக; ஆண், பெண் இருபாலார்க்கும் அது திறந்திருக்கட்டும். இரண்டு, நூலகத்தின் ஒரு மூலையில் கருவிப் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். இழைப்புளி, வாள், மூலைமட்டம், உப்புத்தாள் ஆகியவற்றை நூலைப்போலவே எடுத்துச் சென்று திரும்பத் தரட்டும். பறைச்சட்டம் செய்யத் தெரிந்த முதியோர் நம் தெருவில் இருப்பின், அவர்களை அவ்வகுப்புக்கு ஆசிரியராக அழைத்து, மதிப்பூதியம் தந்து, அவர்தம் முறையை அளவுகளோடு வரைந்து பாதுகாக்க வேண்டும். மூன்று, ஆண்டுக்கு ஒருவரையேனும் வடிவமைப்பு நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து, விண்ணப்பக் கட்டணத்தையும் வழிச்செலவையும் கழகம் ஏற்க வேண்டும்.

இளைஞர்களே, இவற்றுள் எதையும் நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்று எவரும் கட்டளையிட இயலாது. மாவட்ட ஆட்சியராக விரும்புவோர் அதற்கே படியுங்கள். மரத்தில் மனம் செல்வோர் மட்டும் மரத்தை எடுங்கள். எடுத்தால், வரைபடமும் உங்களுடையதாக இருக்கட்டும். விலையும் உங்கள் வாயிலிருந்து வரட்டும். செய்து முடித்த பொருளின் அடியில் உங்கள் பெயரைப் பொறியுங்கள். செம்பையும் பறைச்சட்டத்தையும் செய்த நம் முன்னோர் பெயர் எங்கும் இல்லை. இனி வருவோர்க்கு அந்நிலை வேண்டா.

வளர்க கல்வி, வாழ்க கழகம். வணக்கம்.